நாகர்கோவிலில் ஒரு செவித்திறன் மையம்: சோதனைக்கு முழு மதிப்பெண், விற்பனைக்குப் பாதி

நாகர்கோவில் செட்டிகுளம் பகுதியில் மாடியில் இயங்கும் ஒரு தனியார் செவித்திறன் மையத்தில் என் தகப்பனாருக்குக் காதொலிக் கருவி வாங்கி ஏறக்குறைய ஓராண்டு ஆகிறது. குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் மையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே முறையில் தொழில் நடத்தும் எந்த மையத்துக்குச் செல்பவருக்கும் இது பயன்படும்.

போனவுடனே கருவிகளைக் கடை பரப்பாமல், காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, குறும்பி அடைத்திருப்பதால் முதலில் மருத்துவரிடம் காட்டிவிட்டு வரும்படி எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குறும்பியை அகற்றி, செவிப்பறையில் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகே சோதனை நடந்தது. குறும்பி, நடுக்காதில் சீழ் போன்று மருத்துவத்தால் சரியாகக்கூடிய காரணங்களை விலக்காமல் கருவியை மாட்டிவிடுவது வீண் செலவு. படியேறி வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப ஒரு கடைக்கு மனம் வந்தது பாராட்டுக்குரியது.

சோதித்தவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற இளம் ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் வல்லுநர்); பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டப்பட்டிருந்தது. ஒலி புகாத அறையில் 250 ஹெர்ட்ஸ் முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியிலும் அப்பாவுக்குக் கேட்கக்கூடிய மிகச் சிறிய ஒலி எது என்று கண்டறிந்து, காதின் பின்புற எலும்பில் அதிர்வியை வைத்தும் பார்த்துவிட்டு, வரைபடத்தை எங்கள் முன் விரித்து அவர் விளக்கிய விதம்தான் இந்த மையத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. 500 ஹெர்ட்ஸில் 30 டெசிபலில் நின்ற கோடு, 4000 ஹெர்ட்ஸில் 75க்குச் சரிந்திருந்தது; டெசிபல் எண் கூடக் கூட, கேட்கும் திறன் குறைவு என்று பொருள்.

"பாட்டா என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டார்.

"எஞ்சின் வள்ளம், மக்களே. எஞ்சினுக்குப் பக்கத்திலதான் எப்பவும் நம்ம இருப்பு" என்றார் அப்பா.

நெடுங்கால இரைச்சல் முதலில் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியைத்தான் தாக்கும் என்றும், உட்காதின் நத்தைச்சுருளில் உள்ள, ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் அழிந்தால் மறுபடி வளராது என்றும், அதன் மேல் வயதும் தன் பங்கைச் சேர்த்திருக்கிறது என்றும் அவர் சொன்னார். உயிரெழுத்துகளின் பலம் தாழ்ந்த சுருதிகளிலும், ச, த, ப போன்ற மெய்களைப் பிரித்தறிய உதவும் ஒலிகளில் பெரும்பகுதி உயர்ந்த சுருதிகளிலும் இருப்பதால், பேசுகிறார்கள் என்பது அப்பாவுக்குத் தெரியும். என்ன பேசுகிறார்கள் என்பதுதான் தெரியாது. "நீங்க எல்லாரும் வாய்க்குள்ளயே பேசுறிய" என்று அவரும், "வேணும்னா மட்டும் காது கேக்கும்" என்று அம்மாவும் வீட்டில் நடத்திவந்த சண்டைக்கு அந்தக் காகிதத்தில் விடை இருந்தது. கத்திப் பேசுவதால் பயனில்லை என்பதையும் ஆடியாலஜிஸ்ட் அம்மாவிடம் பொறுமையாகச் சொன்னார்: மெல்லிய ஒலி கேட்காத அதே காதுக்குச் சற்றே உரத்த ஒலி பொறுக்க முடியாததாகிவிடும், அடுக்களையில் இருந்து கூப்பிடாமல், முகம் தெரியும்படி எதிரில் வந்து, நிறுத்திப் பேச வேண்டும். கருவிக்குக் காசு கொடுக்கும் முன்பே கிடைத்த இந்த அறிவுரையால் வீட்டில் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

விற்பனை மேசைக்கு வந்ததும் ஆள் மாறினார், பேச்சும் மாறியது. எத்தனை சேனல் (ஒலியைச் சுருதிவாரியாகக் கருவி பிரித்துக் கையாளும் பகுதிகள்) என்பதை வைத்தே விலை ஏறிக்கொண்டு போனது. அத்தனை சேனலால் அப்பாவின் காதுக்கு என்ன கூடுதல் நன்மை என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வரவில்லை. ஆடியாலஜிஸ்டை மறுபடி அழைத்துக் கேட்டபோது, இடைப்பட்ட விலையுள்ள கருவியே போதும் என்று அவர் சொல்லிவிட்டார். காதொலிக் கருவிக்கு ஜிஎஸ்டி கிடையாது. பில்லிலும் வரி போடவில்லை. அரசு உதவி கிடைக்குமா என்று விசாரித்தோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரு காதுகளிலும் பேச்சு ஒலிகளில் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு உள்ளவரையே செவித்திறன் குறைந்தவர் என்று வரையறுப்பதால், சராசரி 50 டெசிபல் உள்ள அப்பா அந்தக் கணக்கில் வரவில்லை.

பெரிய மனக்குறை பேட்டரி பற்றியது. வாங்கிய கருவிக்கு ஆரஞ்சு ஒட்டியுடன் வரும் 13 எண் துத்தநாக-காற்று பேட்டரி போட வேண்டும். ஒட்டியை உரித்துக் காற்று உள்ளே போனதும் அது வேலை செய்யத் தொடங்கும். பிறகு கருவியை அணைத்து வைத்தாலும் மெல்ல மெல்லத் தீர்ந்துகொண்டே இருக்கும். இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவர்கள் அப்பாவின் விரல்களைப் பார்க்கவில்லை. காலமெல்லாம் வலை இழுத்துக் காய்த்துப்போன பெருவிரலால், நகம் நுழையுமளவே இடமுள்ள அந்தச் சின்னக் கதவைத் திறக்க அவரால் முடியாது. இன்றுவரை பேட்டரி மாற்றுவது என் மகள்தான். சார்ஜ் ஏற்றும் வகைக் கருவி அதே அலமாரியில் இருந்தது, அதை எடுத்துக் காட்டக்கூட இல்லை. கடற்கரை ஊரின் ஈரத்துக்கும் வியர்வைக்கும் கருவி பழுதாகும் என்பதால் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டப்பாவை விலையில்லாமல் கொடுத்ததைப் பாராட்டலாம். ஆனாலும் இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில், பழுது பார்க்க அனுப்பும் நாள்களில் மாற்றுக் கருவி கொடுக்கும் வழக்கம் இல்லாதது குறையே.

பலனைப் பொறுத்தவரை, முதல் சில வாரங்கள் தட்டு உரசும் ஓசைகூட அவரைத் துன்புறுத்தியது. மூளை மறுபடி பழகும் வரை அப்படித்தான் இருக்கும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள், அதற்கேற்ப ஒலியளவைக் கட்டணமின்றி இரண்டு முறை திருத்தியும் கொடுத்தார்கள். இப்போது திருப்பலியில் பிரசங்கம் புரிகிறது என்கிறார். கல்யாண மண்டபத்தில் மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். பந்தி இரைச்சலில் பேச்சை மட்டும் பிரித்துக் கொடுப்பதில் எந்தக் கருவிக்கும் எல்லை உண்டு.

கருவி வாங்கும் எண்ணம் இல்லாதவர்களும் சோதனைக்காக மட்டும் இங்கே போகலாம். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வது நல்லது: லிப்ட் கிடையாது, அதோடு காது கேட்காதவர்கள் காத்திருக்கும் அறையில் வரவேற்பாளர் உள்ளே இருந்தபடியே பெயரைக் கூப்பிடுகிறார். டோக்கன் எண்ணைக் காட்டும் பலகை ஒன்றை மாட்டும்படி கேட்டிருக்கிறேன், இன்னும் மாட்டவில்லை.