ஒருவரின் கதை, ஒரு நன்றிக் கடிதம்: நிதி திரட்டலில் 6 ஆண்டுகள்

பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் சிறிய அறக்கட்டளை ஒன்றில் நன்கொடைப் பொறுப்பை ஏற்று 6 ஆண்டுகள் ஆகின்றன. நான் வருவதற்கு முன் எங்கள் வேண்டுகோள் கடிதங்கள் ஆண்டறிக்கையின் சுருக்கம் போலவே இருக்கும்: எத்தனை பேருக்கு உதவினோம், எவ்வளவு செலவானது, இன்னும் எவ்வளவு தேவை. வந்ததும் இரண்டை மாற்றினேன். வேண்டுகோளில் ஒரே ஒருவரின் கதை மட்டும் இருக்கும். பணம் வந்த இரண்டு நாளுக்குள் ரசீதோடு ஒரு நன்றிக் கடிதமும் போகும்.

கதை விஷயத்தில் எனக்குத் துணிச்சல் தந்தது ஓர் ஆய்வு. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் ஆகிய மூவரும் 2007இல் வெளியிட்டது. மாலி நாட்டுச் சிறுமி ரோக்கியா, வயது 7. அவளைப் பற்றிச் சிலருக்குப் படிக்கக் கொடுத்தார்கள். வேறு சிலருக்கு ஆப்பிரிக்க உணவுப் பஞ்சத்தின் புள்ளிவிவரங்களைக் கொடுத்தார்கள். சிறுமியைப் பற்றிப் படித்தவர்கள் மற்றவர்களைப் போல இரு மடங்குக்கும் மேல் கொடுத்தார்கள். எனக்கு வியப்பளித்தது மூன்றாவது குழு. கதையையும் புள்ளிவிவரத்தையும் சேர்த்துப் படித்த அவர்கள், கதையை மட்டும் படித்தவர்களைவிடக் குறைவாகத்தான் கொடுத்தார்கள். "எண்களும் இருக்கட்டுமே, நம்பிக்கை வரும்" என்று அறங்காவலர்கள் சொன்னபோதெல்லாம் இதை எடுத்துக் காட்டினேன். எண்களை மறைக்கவில்லை, ஆண்டறிக்கையில் கணக்கு முழுவதும் இருந்தது. வேண்டுகோளில் மட்டும் ஒருவர்.

எழுதி எழுதித் தெரிந்துகொண்டது, துயரத்தைக் கூட்டிச் சொல்வதால் பயன் இல்லை என்பது. 'வறுமையில் வாடும் மாணவி' என்ற வரி படித்ததுமே மறந்துபோகும். இரண்டாம் ஆண்டில் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினோம். வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஜியோமெட்ரி பாக்ஸ். காலையில் தம்பிக்குத் தேர்வு, மதியம் அவளுக்கு. பள்ளி வாசலில் நின்று, தம்பி வெளியே வந்ததும் அதை வாங்கிக்கொண்டு தன் தேர்வுக்கு ஓடுவாள். வேறு எதையும் நாங்கள் கூட்டவில்லை. அந்தக் கடிதத்துக்குப் பிறகு பணம் அனுப்பியவர்களில் பலர் அந்தப் பெட்டியைக் குறிப்பிட்டு எழுதினார்கள். அவள் படத்தையும் எங்கள் இணையப் பக்கத்தில் போட்டோம்.

நன்றி சொல்வதில் என் அனுபவம் அவ்வளவு நேரானதல்ல. கடிதம், தொலைபேசி, ஒரு முறை நாட்காட்டி கூட அனுப்பினோம். ஒருவர் அதைத் திருப்பி அனுப்பி, "இந்தச் செலவும் பிள்ளைகளுக்கே போகட்டும்" என்று எழுதியிருந்தார். அதோடு பரிசுகளை விட்டுவிட்டோம். பிறகு அன்யா சமேக், சக் லாங்ஃபீல்ட் இருவரும் 2023இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். 5 லட்சத்துக்கும் மேற்பட்ட நன்கொடையாளர்களை வைத்துச் சோதித்ததில், நன்றி சொல்லித் தொலைபேசியில் அழைத்ததால் அவர்கள் பின்னர் கொடுத்ததில் எந்த மாற்றமும் இல்லை. மாலை மாலையாக உட்கார்ந்து அழைத்தவள் நான். மனம் சோர்ந்துதான் போனது. ஆனாலும் நிறுத்தவில்லை. கொடுத்தவருக்கு நன்றி சொல்வது, அவர் மறுபடி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், நம் கடமை என்றே இன்றும் நம்புகிறேன். அதில் என்ன சொல்கிறோம் என்பதைத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

அதை எனக்குக் காட்டியவர் ஒரு நன்கொடையாளர். ஒரு நாள் அவரிடமிருந்து இரண்டு வரி வந்தது: "ஜியோமெட்ரி பாக்ஸ் பெண் தேர்வில் என்ன ஆனாள்? இத்தனை நன்றிக் கடிதங்களில் ஒன்றிலும் அது இல்லையே." அவருக்குப் போன நான்கு கடிதங்களையும் எடுத்துப் பார்த்தேன். நான்கிலும் ஒரே வாசகம். அவளை அவர் இத்தனை நாள் நினைவில் வைத்திருந்தார். எழுதிய நாங்கள் அப்படியே விட்டுவிட்டோம்.

பதில் எழுதுவதற்காக அவளை அழைத்தேன். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். நன்றாகப் பேசியவள், கடைசியில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். கூடப் படிக்கும் யாரோ எங்கள் பக்கத்தைக் கண்டுபிடித்து அவள் படத்தை வகுப்பு முழுக்கக் காட்டியிருக்கிறார்கள். "அப்ப நானும்தான் சரின்னு சொன்னேன் அக்கா. ஆனா இவ்வளவு நாள் அது அங்கேயே இருக்கும்னு நினைக்கல." படிவத்தில் அவள் அம்மாவின் கையெழுத்து இருந்தது. வளர்ந்தபிறகு அவளிடம் மறுபடி கேட்கவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்றிரவே எல்லாவற்றையும் எடுத்தோம். இதை எழுதும்போதும் அந்தத் தயக்கம் காதில் கேட்கிறது.

அந்த நன்கொடையாளருக்கு உள்ளதை எழுதினேன்: தேர்ச்சி பெற்றாள், கல்லூரியில் இருக்கிறாள், இதற்கு மேல் தன்னைப் பற்றிச் சொல்ல அவள் விரும்பவில்லை, படத்தை எடுத்துவிட்டோம். "படிக்கிறாள் என்பதே போதும்" என்று பதில் வந்தது.

இப்போது நன்றிக் கடிதம் உடனே போகிறது. ஆறு மாதம் கழித்துப் பணம் கேட்காத இன்னொரு கடிதம் போகிறது. அதில் இருப்பது செய்தி மட்டும். யாரைப் பற்றிச் சொன்னோமோ அவர் இப்போது என்ன செய்கிறார் என்பது. பாதியில் படிப்பை விட்டிருந்தால் அதையும் சொல்கிறோம். எனக்கு வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்தக் கடிதத்துக்குத்தான். படங்களில் முகம் இல்லை, பெயரை மாற்றியிருக்கிறோம் என்று கடிதத்திலேயே குறிப்பிடுகிறோம். ஒப்புதலை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கேட்கிறோம். முகம் இல்லாததால் புதியவர்கள் வருவது முன்பைவிடக் குறைந்திருக்கிறது. அறங்காவலர்களுக்கு அதில் வருத்தம் உண்டு, எனக்கு இல்லை.

அனுப்பும் முன் கதையை அதற்குரியவருக்கே படித்துக் காட்டுவதும் வழக்கமாகிவிட்டது. போன வாரம் ஒரு பையனுக்குப் படித்தேன். பாதியில் நிறுத்தி, "'கஷ்டப்பட்டுப் படித்தான்'னு வேண்டாமே. எனக்குக் கணக்கு ரொம்பப் பிடிக்கும், அதைப் போடுங்க" என்றான். அந்த வரியை அடித்துவிட்டு, அவன் சொன்னதை எழுதிக்கொண்டேன்.