மதுரையில் வீணைக்கு மேளம் கட்ட ஆள் தேடுகிறவர்களுக்கு

தந்தி மாற்றித் தர மதுரையில் ஆள் கிடைப்பார்கள், ஆனால் மெட்டைப் பெயர்த்து (வீணையின் கழுத்தில் மெழுகால் ஒட்டிய குறுக்குக் கம்பிகள்தான் மெட்டு), சுரம் பார்த்து மறுபடி பதித்து மேளம் கட்டித் தர ஆள் கேட்டால் எல்லோரும் தஞ்சாவூருக்குத்தான் கை காட்டுவார்கள். வீணை சண்முகவடிவு வாழ்ந்த ஊர், அவர் மகள் எம்.எஸ். 1916-இல் பிறந்த ஊர், இங்கே இதற்கு ஒரு ஆள் இல்லையா என்று எனக்கு ரொம்ப நாளாகவே வருத்தம். வீணையை வண்டியில் குலுக்கித் தஞ்சாவூர் கொண்டுபோய், திரும்பும் வழியில் புது மெழுகு வெயிலில் இளகிவிடுமோ என்று பயந்துகொண்டே வர எனக்கு இஷ்டமில்லை. தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் ஹார்மோனியம் ரிப்பேர் பார்க்கும் பெரியவர் ஒருவர் வீட்டுக்கே வந்து செய்து தருகிறார் என்று பாட்டு டீச்சர் சொன்னார், வரவழைத்தோம். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஹார்மோனியம் ரிப்பேர் என்று கேட்டால் காட்டுவார்கள். நம்பரைப் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை.

எங்கள் வீணையில் என்ன பிரச்சினை என்றால், தந்திகளைச் சரியாகக் கூட்டினாலும் மேல் ஸ்தாயியில் ஒட்டவே ஒட்டாது. 24 மெட்டும் உட்கார்ந்திருப்பது தேன்மெழுகும் குங்கிலியமும் கரியும் கலந்த மெழுகில். தேன்மெழுகு உருக 62, 64 டிகிரி வேண்டும், ஆனால் அதற்கு வெகு முன்பே இளக ஆரம்பித்துவிடும், நம் ஊர் கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் வைத்த வீணை என்றால் கேட்கவே வேண்டாம். இதற்கு முன் ஒரு கடையில் சுருதி காட்டும் போன் டியூனர் ஆப்பைப் பார்த்து, முள் நடுவில் நின்றால் போதும் என்று ஒட்டிக் கொடுத்தார்கள். முதல் தந்தியான சாரணியில் பரவாயில்லை, அடுத்த பஞ்சமத் தந்திக்குப் போனால் அபஸ்வரம்.

பெரியவர் வந்ததும் மெட்டைத் தொடவே இல்லை. "ஏம்மா, தந்தி எப்ப மாத்துனது?" என்றுதான் முதலில் கேட்டார். துருப்பிடித்த தந்தி நீளம் முழுக்க ஒரே கனத்தில் இருக்காது, அதை வைத்து மெட்டு நிறுத்தினால் புதுத் தந்தி போட்ட அன்றைக்கே எல்லாம் தப்பாகிவிடும் என்று சொல்லி ஏழு தந்தியையும் மாற்றிவிட்டு, பிறகுதான் பழைய மெழுகைச் சுரண்டினார். புது மெழுகை வீணையின் கழுத்தான தண்டியின் இரண்டு ஓரத்திலும் வரப்பு மாதிரி கட்டி, முதலில் 12-ஆவது மெட்டில் மேல் ஷட்ஜத்தை நிறுத்தி, அங்கிருந்து மற்றவை.

அந்தர காந்தாரத்துக்கு, அதாவது பெரிய 'க'வுக்கு, வந்தபோதுதான் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். டியூனர் காட்டுவது ஷட்ஜத்திலிருந்து 400 சென்ட், ஒரு ஸ்தாயியின் 1200 சென்டைப் பன்னிரண்டாகச் சம பங்கு போட்ட கணக்கு. தம்புராவோடு இழைகிற, ஷட்ஜத்தோடு அதிர்வெண் 5:4 விகிதத்தில் நிற்கும் காந்தாரம் 386 சென்ட்தான், 14 சென்ட் கீழே. அதற்காக மெட்டை அங்கேயே இறக்கிவிடவும் முடியாது, ஏனென்றால் ஒரே மெட்டு அதன் மேல் ஓடும் நான்கு தந்திக்கும் பதில் சொல்ல வேண்டும்: சாரணியில் காந்தாரம் தரும் மெட்டுதான் பஞ்சமத் தந்தியில் காகலி நிஷாதம், அதாவது பெரிய 'நி'. அவர் சூடு காட்டிய தகட்டை மெழுகில் ஒற்றி, மெட்டின் ஒரு முனையை மட்டும் கட்டைவிரல் நகத்தால் மயிரிழை தள்ளி, சாரணியை மீட்டி, பஞ்சமத்தை மீட்டி, மறுபடி தள்ளினார். மெட்டு லேசாகச் சாய்ந்து நின்றது. தந்திக்குத் தந்தி கனம் வேறு என்பதால் அந்தச் சாய்வு வேண்டும், முந்தைய கடையில் விட்டுப்போனது இதுதான் என்று அப்போது புரிந்தது. காலையில் வந்தவர் விளக்கு வைக்கும் நேரம் வரை இருந்தார்.

டியூனரே வேண்டாம் என்று சொல்லவில்லை. திறந்த தந்திகளைக் கூட்ட கிளிப் டியூனர் நன்றாகவே உதவும், பஞ்சமத்துக்கு வித்தியாசம் 2 சென்ட்தான், அதைக் காதால் சரி பண்ணிக்கொள்ளலாம். தெருவில் சத்தம் இருந்தாலும் அது மரத்தின் அதிர்வைத்தான் எடுக்கும் என்பதால் போன் ஆப்பை விட மேல். மெட்டு வேலையை மட்டும் அதை நம்பி விடாதீர்கள்.

குறையும் சொல்லிவிடுகிறேன். போன் எடுக்கவே மாட்டார், நேரில் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும். தந்தி அவரிடம் இருப்பு இல்லை, நாமே வாங்கி வைக்க வேண்டும். பிரடை (தந்தியை முறுக்கும் முளை) வழுக்குகிறது என்றதற்குச் சாக்பீஸ் தேய்த்துவிட்டுப் போனார், நின்றது. ஆனால் தேய்ந்த பிரடைக்குப் புதிதாகக் கடைந்து தருவதில்லை, அதற்குத் தஞ்சாவூர்தான். கூலியை முன்னாலேயே சொன்னார், முடித்தபின் ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கவில்லை. புதுத் தந்தி இழுவை அடங்கினதும் மறுபடி வந்து நான்கைந்து மெட்டைத் திருத்திவிட்டுப் போனார், அதற்குக் காசு வாங்கவில்லை.

இந்தக் கோடை முழுக்க மேளம் அசையவில்லை. வீணையைக் கீழ்த்தள அறைக்கு மாற்றச் சொன்னார், மாற்றிவிட்டோம். காரில் மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். நவராத்திரி நெருங்கினால் எல்லோரும் வீணையை எடுத்துத் துடைப்பார்கள், அப்போது அவரைப் பிடிப்பது கஷ்டம். ஆடியிலேயே போய்ச் சொல்லி வையுங்கள், போகும்போது என்ன கனத் தந்தி, எத்தனை கட்டை சுருதி என்று எழுதி எடுத்துப் போங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்.