வாசலில் கல் ஓடை போட்டுத் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் கவனம்: சேலத்துக்காரர்களுக்கு

கோரிமேடு, கன்னங்குறிச்சி, ஏற்காடு அடிவாரம் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். முன்வாசலில் மழைத்தண்ணீர் தேங்காமல் கல் ஓடை போட்டு வடித்துவிடுகிறோம் என்று ஒரு தோட்ட அலங்காரக்காரர் வந்தார். 62,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். இப்போது முன்பைவிட அதிகமாகத் தண்ணீர் நிற்கிறது, அதுவும் வீட்டுச் சுவரை ஒட்டி.

எங்கள் இடம் சேர்வராயன் மலைச் சரிவு வந்து முடிகிற பக்கம். மே மாதத்தில் சாயங்காலம் இடியோடு ஒரு மழை அடித்தால் மேல் தெருவின் செம்மண் தண்ணீர் கேட்டுக்குள் வந்துவிடும். மொட்டை மாடித் தண்ணீர் தனி. 1000 சதுர அடி மாடியில் 1 சென்டிமீட்டர் மழைக்கே 900 லிட்டருக்கு மேல் இறங்கும். இதையெல்லாம் அஸ்திவாரத்திலிருந்து விலக்கி, ஒரு பள்ளத்தின் வழியாக உறிஞ்சுகுழிக்குக் கொண்டுபோவதுதான் கல் ஓடை. நல்ல யோசனைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முக்கால்வாசி வேலை மண்ணுக்குள் இருக்கிறது. மேலே கல்லைப் பரப்பிவிட்டால் உள்ளே என்ன செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. இந்த ஆட்களுக்கு அதுதான் வசதி.

வந்தவர் போனில் படங்களாகக் காட்டினார். வெள்ளைக் கூழாங்கல், நடுவில் பாறை, ஓரத்தில் புல். வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுகிற சரிவு, பார்க்கத் தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் கொண்டுவரவில்லையா என்று கேட்டேன். "கண்ணாலயே தெரியும்க்கா, தண்ணி தானா ஓடிரும்" என்றார். ஓடியது, வீட்டைப் பார்த்து.

அப்புறம் எங்கள் வீட்டைக் கட்டிய பழைய மேஸ்திரியை வரவழைத்துக் கல்லை ஒதுக்கிப் பார்த்தோம். "ஏம்மா, இதுக்குப் பேரு வாய்க்காலா? தொட்டியைக் கட்டி வச்சிருக்கான்" என்றார். அடியில் கறுப்பு பாலித்தீன் ஷீட். கொட்டேஷனில் எழுதியிருந்ததோ தண்ணீரை உள்ளே விட்டு மண்ணை மட்டும் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி. பணமும் அதற்குத்தான் வாங்கியிருந்தார்கள். 100 அடிக்கு 2 அடியாவது வாட்டம் வேண்டும். எங்களுடைய 30 அடி ஓடைக்கு ஏழு அங்குலம் இறங்கியிருக்க வேண்டும். டியூப் வைத்துப் பார்த்தால் கடைசி முனை நடுப்பகுதியைவிட மேடாக இருக்கிறது! 40 எம்எம் ஜல்லி போட்டதாகக் கணக்கு, ஆனால் தோண்டிய மண்ணையே திரும்பக் கொட்டி மூடியிருந்தார்கள். மேலே போட்ட வெள்ளைக் கல் கோலிக்குண்டு அளவுதான். தண்ணீர் வேகமாக நுழைகிற இடத்திலும் திரும்புகிற இடத்திலும் பெரிய கருங்கல்லை மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் புதைத்து வைத்தால்தான் நிற்கும். எங்கள் கல்லில் பாதி முதல் மழையிலேயே தெருவுக்குப் போய்விட்டது.

எனக்கு ஆத்திரம் வந்தது வேறொன்றில். 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, அப்போது வெட்டிய குழி எங்கள் வாசலிலேயே இருக்கிறது. ஓடை போய் முடிய வேண்டிய இடம் அதுதான். அதன் மூடிமேல் கல்லைக் கொட்டி அழகு பார்த்துவிட்டு, ஓடையைக் காம்பவுண்டுச் சுவரில் முட்டி நிறுத்தியிருக்கிறார்கள். ஷீட்டில் தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு நெளிகிறது.

போன் செய்தால், "மழை அதிகமா பேஞ்சா நாங்க என்னக்கா பண்றது" என்கிறார். மழைக்காகத்தானே ஐயா இந்த வேலையே? இப்போது என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

யாரிடம் கொடுத்தாலும் சரி, பள்ளம் வெட்டியதும் கல் இறக்க விடாதீர்கள். மேல் முனையில் ஹோஸைத் திறந்துவிட்டு, தண்ணீர் எங்கும் நிற்காமல் குழி வரை போகிறதா என்று பாருங்கள். துணி வந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் போதும். கீழே இறங்காவிட்டால் அது வேறு சரக்கு. ஜல்லி இறங்கும்போது போட்டோ எடுங்கள். பெரிய தொகையை ஒரு நல்ல மழை பார்த்த பிறகு தருவதாக எழுதி வாங்குங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாதவரை அப்படியே அனுப்பிவிடலாம். தண்ணீரைப் பக்கத்து வீட்டுப் பக்கம் திருப்பிவிடுகிறேன் என்பவரையும்தான். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம்.

நான் ரசீது, கொட்டேஷன், தோண்டிய படங்கள் எல்லாவற்றையும் வைத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார். 5 லட்சம் ரூபாய் வரையிலான விஷயத்துக்கு அங்கே கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். சேலத்தில் இதே மாதிரி வெள்ளைக் கல்லும் கறுப்பு ஷீட்டும் போட்டு யாராவது ஏமாற்றியிருந்தால், ரசீதைத் தூக்கிப் போடாமல் எனக்குச் சொல்லுங்கள். ஒரே ஆள்தானா என்று பார்த்துச் சேர்ந்தே புகார் கொடுப்போம்.