ரேஞ்சருக்கு நானே செய்த சரிவு மூடி: 2 வருட ஓட்டத்துக்குப் பிறகு

ஹூஸ்டனிலிருந்து சான் அன்டோனியோவுக்கு மாதம் இரண்டு முறை வேலையாகப் போய்வருகிறேன். ஐ-10 நெடுஞ்சாலையில் போக வர சுமார் 400 மைல். வண்டி 2003 ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப், 2.3 லிட்டர், நாலு சிலிண்டர், பின்னால் சரக்கு ஏற்ற 6 அடித் திறந்த தொட்டி. அந்தத் தொட்டியின் மேல் கூரையிலிருந்து பின்பக்கமாகச் சரியும் மூடி ஒன்றை நானே செய்து மாட்டியிருக்கிறேன். எல்லோரும் முதலில் கேட்பது மைலேஜ்தான், அதைச் சொல்லிவிடுகிறேன். மணிக்கு 65 மைல் வேகத்தில் கேலனுக்கு 26 மைல் கொடுத்த வண்டி இப்போது 29 கொடுக்கிறது. ஊருக்குள் ஓட்டும்போது ஒரு வித்தியாசமும் இல்லை.

தொட்டியின் பின் கதவைத் திறந்துபோட்டு ஓட்டினால் காற்று தடையில்லாமல் போகும் என்று நம்புகிறவர்கள் நிறைய. நானும் நம்பியிருந்தேன். உண்மையில் கதவு மூடியிருக்கும்போது தொட்டிக்குள் ஒரு காற்றுச் சுழல் நிலையாக நிற்கிறது. மேலே வரும் காற்று அதன் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. கதவைத் திறந்தால் அந்தச் சுழல் கலைந்துவிடும், லாபம் ஒன்றும் இல்லை. சரிவு மூடி, கூரையை விட்டு இறங்கும் காற்றுக்கு ஒட்டிக்கொண்டு வர ஒரு பரப்பைக் கொடுக்கிறது. ஆனால் சரிவு 12 பாகையைத் தாண்டிவிட்டால் காற்று ஒட்டாமல் பிய்த்துக்கொள்ளும்.

இதைத்தான் முதல் மூடியில் கவனிக்காமல் விட்டேன். தேர்தல் சமயத்தில் வேட்பாளர் பெயர் போட்டு வீட்டுப் புல்வெளியில் நட்டுவைப்பார்களே, அந்த நெளி பிளாஸ்டிக் அட்டையை அலுமினியச் சட்டத்தில் ரிவெட் அடித்து, கூரை விளிம்பிலிருந்து நேராகப் பின் கதவின் தலை வரை இறக்கினேன். கூரை தொட்டி விளிம்பைவிட 20 அங்குலம் உயரம், தொட்டி 72 அங்குலம் நீளம். கணக்குப் போட்டால் சரிவு 15 பாகைக்கு மேல் வருகிறது. பார்க்க அழகாக இருந்தது, மைலேஜ் மட்டும் அசையவில்லை.

காரணம் தெரிந்தது கம்பளி நூலால். மூன்று அங்குலத் துண்டுகளாக வெட்டி, மூடி முழுக்க வரிசையாக டேப்பால் ஒட்டினேன். ஒரு ஞாயிறு காலை நான் ஓட்ட, மைத்துனர் பக்கத்துத் தடத்தில் அவர் காரை ஓட்ட, அதில் உட்கார்ந்து மனைவி வீடியோ எடுத்தார். முன்பாதியில் இருந்த நூல்களெல்லாம் வாரிவிட்ட தலைமுடி மாதிரி பின்னோக்கிப் படிந்து கிடந்தன. நடுவைத் தாண்டியதும் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் துடித்தது. கடைசி வரிசையில் சில நூல்கள் முன்பக்கமாகவே திரும்பி நின்றன. காற்று எங்கே கைவிட்டுப் போகிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்தோம். மூடி செய்யும் யாரும் இந்த ஒரு சோதனையை விட்டுவிடக் கூடாது, செலவு இரண்டு டாலர்கூட ஆகாது.

அடுத்த கோடையில் அட்டையும் வெயிலில் தொய்ந்துவிட்டது. சரி, மறுபடி செய்வோம் என்று 1 அங்குலத் தெர்மோகோல் வகைப் பலகையில் (கட்டடச் சுவருக்குள் வைப்பார்கள், இளஞ்சிவப்பாக இருக்கும்) வடிவம் வெட்டி, மேலே கண்ணாடி இழை போட்டு, இறுகிக் கெட்டியாகும் எபாக்ஸி பசையைப் பூசினேன். பாலியஸ்டர் ரெசின் என்ற வேறு பசை விலை குறைவுதான், ஆனால் அது இந்தப் பலகையைக் கரைத்துவிடும். எபாக்ஸி வெயில் தாங்காது, அதனால் மேலே வெள்ளை பெயிண்ட் கட்டாயம். இந்த முறை கூரை அருகே கிட்டத்தட்ட மட்டமாகத் தொடங்கி, மெல்ல மெல்ல வளைத்து, கடைசியில் 12 பாகையில் நிறுத்தினேன். மூடி பின் கதவுக்கு 8 அங்குலம் மேலேயே முடிந்துவிடுகிறது. முடிகிற விளிம்பை உருட்டாமல் கூராகவே விட்டேன். காற்று பிரிய வேண்டிய இடத்தில் சுத்தமாகப் பிரிய வேண்டும். மீதி இடைவெளியில் கண்ணாடி மாதிரி ஊடே தெரியும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் தகடு பொருத்தியதால் உள்கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியும் தெரிகிறது.

ஒரு முக்கியமான விஷயம். பிக்கப்பில் மூன்றாவது பிரேக் விளக்கு கேபினின் பின்மேல் பகுதியில் இருக்கும். மூடி அதை அப்படியே மறைத்துவிடும். முதல் மூடியோடு மூன்று வாரம் அந்த விளக்கு தெரியாமலே ஓட்டியிருக்கிறேன், இப்போது நினைத்தாலும் பதறுகிறது. இப்போது மூடியின் பின்விளிம்பில் எல்இடி பட்டை வைத்து ஒயர் இழுத்திருக்கிறேன். இதை முடிக்காமல் வண்டியைத் தெருவுக்கு எடுக்காதீர்கள்.

கேபினுக்கும் மூடிக்கும் நடுவே உள்ள ரப்பர் பட்டையை வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கிறது. அடைமழையில் முன் மூலையில் இன்னும் கொஞ்சம் கசிகிறது.

செலவு இரண்டாவது மூடிக்கு 340 டாலர். இதுவரை நெடுஞ்சாலையில் 19,000 மைல், அதில் மிச்சமானது ஏறக்குறைய 75 கேலன். கேலன் 3 டாலர் என்றால் 225 டாலர். போட்ட பணம் இன்னும் வரவில்லை. முதல் மூடியின் செலவையும் சேர்த்தால் இன்னும் தள்ளிப்போகும். 75 மைல் வேகத்தில் போகிறவருக்குச் சீக்கிரம் வரும், ஏனென்றால் 65-லிருந்து 75-க்குப் போனாலே காற்றின் தடை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது.

போன மாதம் குளிர்சாதனப் பெட்டி ஒன்று ஏற்ற வேண்டியிருந்தது. இரண்டு பேர் சேர்ந்து பத்து நிமிடத்தில் மூடியைக் கழற்றி கராஜ் சுவரில் சாய்த்துவைத்தோம். திரும்பி வரும்போது கேபினுக்குப் பின்னால் அந்தப் பழைய படபடப்புச் சத்தம் வழி முழுக்கக் கூடவே வந்தது. பெட்டியை இறக்கியதும், இருட்டுவதற்குள் மூடியை மறுபடி மாட்டிவிட்டேன்.