சாய்வெழுத்து கேட்டோம், சாய்த்துவைத்த எழுத்தைக் கொடுத்தார்கள்: எழுத்துரு செய்யக் கொடுப்போர் கவனத்திற்கு

மரங்களுக்கான பெயர்ப்பலகைகளையும் அவற்றுடன் சேர்ந்த கையேட்டையும் தயாரிக்கும் எங்கள் சிறு பதிப்பகம், லத்தீன் எழுத்துகளுக்காக, கோடுகளின் முனையில் சிறு குறுக்குக்கோடுகள் இல்லாத சான்ஸ் செரிஃப் எழுத்துரு ஒன்றை நேர், சாய்வு என இரு வடிவங்களிலும் புதிதாக வரைந்து தரும்படி ஒரு வடிவமைப்பு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. வந்து சேர்ந்தது புதிதாக வரைந்ததும் அன்று, சாய்வெழுத்தும் அன்று. அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை; அவர்கள் கையாண்ட முறையைத் தெரிந்துகொண்டால் வேறு எவரிடமும் இதே வகையில் ஏமாறாமல் இருக்கலாம்.

எங்களுக்குச் சாய்வெழுத்து அலங்காரப் பொருள் அன்று. தாவரத்தின் அறிவியல் பெயரில் பேரினத்தையும் சிற்றினத்தையும் சாய்வெழுத்திலும், பெயர் சூட்டியவரின் சுருக்கத்தை நேரெழுத்திலும் அச்சிடுவது வழக்கம். பனையின் பலகையில் பொராசஸ் ஃபிளாபெல்லிஃபர் என்பது சாய்ந்தும், அதையடுத்து, பெயர் சூட்டிய தாவரவியலாளர் லின்னேயஸைக் குறிக்கும் எல் என்ற ஒற்றை எழுத்து நிமிர்ந்தும் நிற்க வேண்டும். சிறிய அளவில் இந்த வேறுபாட்டைச் சாய்வுக் கோணம் மட்டும் தெளிவாகக் காட்டிவிடாது. எழுத்தின் உருவமும் மாறினால்தான் கண் பிரித்தறியும். வெனிஸில் அச்சகர் ஆல்டஸ் மனூஷியஸ் 1501-இல் வெளியிட்ட வெர்ஜில் பதிப்புக்காக ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய சாய்வெழுத்து, அக்காலக் கையெழுத்தைப் பார்த்து உருவானது. அந்த மரபின் சாயல் சான்ஸ் செரிஃபுக்கும் வந்திருக்கிறது: எரிக் கில் வரைந்த கில் சான்ஸில், நேர்வடிவில் வட்டத்தின் மேல் ஒரு வளைவுடன் இரண்டு அடுக்காக (a) உள்ள சிறிய ஏ, சாய்வில் வட்டமும் கோடும் மட்டும் கொண்டு ஒற்றை அடுக்காகிவிடுகிறது (ɑ). இதே மாற்றம் வேண்டும் என்றும், சாய்வு வடிவம் சற்றே குறுகலாக இருக்க வேண்டும் என்றும் பணி ஆணையிலேயே எழுதியிருந்தோம். (தமிழைச் சாய்க்கும்படி நாங்கள் கேட்கவில்லை, தமிழ் அச்சில் அழுத்தம் கொடுக்கத் தடித்த எழுத்தே போதும் என்பது என் கருத்து.)

சந்தேகம் தற்செயலாக எழுந்தது. அவர்கள் அனுப்பிய சாய்வுக் கோப்பு தனிக் குடும்பமாகப் பதிவாகியிருந்ததால், சொல்செயலியில் சாய்வுப் பொத்தானை அழுத்தியபோது மென்பொருள் அந்தக் கோப்பை எடுக்காமல், நேரெழுத்தைத் தானாகவே சாய்த்துக் காட்டியது. மென்பொருள் நொடியில் செய்த அந்தப் போலிச் சாய்வையும், நாங்கள் முன்பணம் கொடுத்து வாங்கிய வடிவத்தையும் அருகருகே அச்செடுத்துப் பார்த்தபோது, கோணத்தைத் தவிர வேறு எந்த வேறுபாடும் தெரியவில்லை.

இதைக் கேட்டதற்கு, பரவலாகப் புழங்கும் சான்ஸ் செரிஃப் எழுத்துருவான ஹெல்வெட்டிகாவின் சாய்வும் சாய்த்த நேரெழுத்துதானே என்று பதில் வந்தது. அது பாதி உண்மை. ஹெல்வெட்டிகா வெளிவந்த அதே 1957-இல் வந்த யூனிவர்ஸ் எழுத்துருவிலும் அதை வரைந்த ஏட்ரியன் ஃப்ரூட்டிகர் கையெழுத்து உருவங்களை நாடாமல் நேரெழுத்தையே சாய்த்தார். ஆனால், சாய்ப்பதால் கண்ணுக்கு உறுத்தும் கோணல்களைத் திருத்தி வரைந்தார். திருத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஓ எழுத்தில் பார்க்கலாம்: வலப்பக்க மேல்வளைவும் இடப்பக்கக் கீழ்வளைவும் பருத்து, எதிர்ப்பக்க வளைவுகள் இளைத்துப்போக, எழுத்து நசுங்கிய வளையல் போல ஆகிவிடும். நிற்கும் கோடுகளும் சற்று மெலியும், படுத்த கோடுகள் மட்டும் பழைய தடிப்பிலேயே இருக்கும். எங்களுக்கு வந்த கோப்பில் இத்தனையும் இருந்தன. மேலும், நாங்கள் கேட்டது ஹெல்வெட்டிகா வகைச் சாய்வே அன்று.

பிறகு எழுத்துருக்களைத் திருத்த உதவும் இலவச மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜில் கோப்புகளைத் திறந்தோம். ஒவ்வோர் எழுத்தின் அகலமும் இரு வடிவங்களிலும் ஒன்றாகவே இருந்தது. முறையாக வரைந்த எழுத்தில் வளைவின் இட, வல ஓரங்களில் அமர வேண்டிய புள்ளிகள், இங்கே வரிசையாக இடம் விலகிக் கிடந்தன. எந்திரத்தால் சாய்த்துவிட்டு யாரும் தொடவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் வேண்டியதில்லை. சாய்வுக் கோணம் பதிவாக வேண்டிய இடத்தில் 0 என்று இருந்தது.

இதைவிடப் பெரிய மோசடி நேரெழுத்தில் இருந்தது. அது திறந்த உரிமத்தில் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு ஒன்றின் நகல். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தபோது புள்ளிக்குப் புள்ளி பொருந்தியது. எஸ்ஐஎல் என்ற அமைப்பு வகுத்த திறந்த எழுத்துரு உரிமத்தின்படி அத்தகைய எழுத்துருவை மாற்றலாம், வணிகத்திற்கும் பயன்படுத்தலாம். ஆனால், மூல ஆசிரியரின் காப்புரிமைக் குறிப்பை நீக்கக் கூடாது, மாற்றிய வடிவத்தையும் அதே உரிமத்திலேயே வெளியிட வேண்டும். இவர்களோ குறிப்பை அழித்து, தங்கள் பெயரை எழுதி, எங்களுக்கு மட்டுமே உரிய தனியுரிமை என்று விலை வைத்திருந்தார்கள். அந்தக் கையேடு வெளியாகியிருந்தால் மூல ஆசிரியருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

முன்பணம் திரும்பவில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்திற்காக வாங்குபவரைப் பொதுவாக நுகர்வோர் என்ற வரையறைக்குள் சேர்ப்பதில்லை. எனவே வழக்கறிஞர் வழியாக அறிவிப்பு அனுப்பியிருக்கிறோம். பலகைகளுக்கு இப்போது 2012-இல் அடோபி திறந்த உரிமத்தில் வெளியிட்ட, பால் ஹன்ட் வரைந்த சோர்ஸ் சான்ஸைப் பயன்படுத்துகிறோம். அதன் சாய்வில் சிறிய ஏ ஒற்றை அடுக்காகவே இருக்கிறது.

எழுத்துரு செய்யக் கொடுப்பவர்கள், மீதித் தொகையைத் தருவதற்கு முன்பே சாய்வு வடிவத்தின் மூலக் கோப்பையும், முதற்கட்ட வரைவுகளையும், அடிப்படையாக எடுத்துக்கொண்ட எழுத்துரு எது என்ற எழுத்துப்பூர்வ உறுதியையும் கேட்டு வாங்குங்கள். அச்சிட்ட மாதிரியை மட்டும் காட்டி, கோப்பைப் பணம் வந்த பிறகே தருவோம் என்று சொன்னால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள்.