மசோதாவையும் மானியக் கோரிக்கையையும் படிக்க உதவும் இணையதளம்: பி.ஆர்.எஸ். சேவை பற்றி ஒரு மதிப்பீடு

புது டெல்லியிலிருந்து இயங்கும் பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் என்ற லாப நோக்கற்ற நிறுவனம் 2005-இல் தொடங்கப்பட்டது. நாடாளுமன்றத்துக்கு வரும் மசோதாக்களையும் பட்ஜெட் ஆவணங்களையும் ஆராய்ந்து, கட்சி வேறுபாடு பார்க்காமல் உறுப்பினர்களுக்கு விளக்கிச் சொல்வது அதன் வேலை. உறுப்பினர்களுக்காகத் தயாரிக்கும் அதே குறிப்புகளை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் படிக்கும்படி தன் இணையதளத்திலும் வெளியிடுகிறது. சட்டமன்ற, நாடாளுமன்ற நடவடிக்கைகளைத் தொடர்ந்து கவனித்து எழுதுபவன் என்ற முறையில் இந்தச் சேவையைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். வாக்களிக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது திறந்து பார்க்க வேண்டிய தளம் இது என்பது என் உறுதியான கருத்து.

இப்படி ஒரு சேவை ஏன் தேவைப்படுகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். நம் எம்.பி.க்களுக்கு உதவியாளர் வைத்துக்கொள்ளப் படி உண்டு. ஆனால் மசோதாவின் ஒவ்வொரு பிரிவையும் அலசிக் குறிப்பெழுதித் தரும் ஆய்வாளர்கள் அவர்களுக்கென்று இல்லை. அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யத்தான் துறைசார்ந்த நிலைக்குழுக்கள் 1993-இல் உருவாக்கப்பட்டன. இன்று அத்தகைய குழுக்கள் 24 இருக்கின்றன; ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேரும் இருக்கிறார்கள். அதிகாரிகளை அழைத்துக் கேள்வி கேட்பதும், பாதிக்கப்படுகிறவர்களின் கருத்தைக் கேட்பதும், வரிவரியாகத் திருத்தம் சொல்வதும் அங்கேதான் நடக்கும். 14-ஆவது மக்களவையின் காலத்தில் (2004-09) 60 சதவீத மசோதாக்களும், 15-ஆவது மக்களவையின் காலத்தில் (2009-14) 71 சதவீத மசோதாக்களும் குழுக்களின் ஆய்வுக்குச் சென்றன. 17-ஆவது மக்களவையில் (2019-24) அது 16 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. இந்தக் கணக்கை எல்லோரும் மேற்கோள் காட்டும் நிலைக்குக் கொண்டுவந்ததே பி.ஆர்.எஸ். தான். குழு பார்க்காத மசோதாவை உறுப்பினர் தனியாகத்தான் பார்த்தாக வேண்டும். அதற்கு அவருக்குக் கிடைப்பதோ சில நாட்கள்.

தளத்தின் ஆகச் சிறந்த பகுதி மசோதா விளக்கக் குறிப்புகள். முதல் பக்கத்தில் ஒருபுறம் மசோதா என்ன சொல்கிறது என்ற சுருக்கம், மறுபுறம் அதில் எழும் முக்கியமான கேள்விகள். உள்பக்கங்களில் அந்தக் கேள்விகளுக்கான காரணங்களும் ஆதாரங்களும். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவை எடுத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 3-ஆம் தேதி மக்களவையில் அறிமுகமான அந்த மசோதா, 7-ஆம் தேதி அங்கும் 9-ஆம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறியது. அரசுக்குத் தரப்படும் விலக்குகள் தேவைக்கு மிஞ்சித் தரவுகளைத் திரட்ட இடம் கொடுக்கலாம் என்பதைப் பலரும் கவனித்தார்கள். ஆனால் தரவுப் பாதுகாப்பு வாரியத்தின் உறுப்பினர்களுக்குப் பதவிக்காலம் இரண்டே ஆண்டுகள், அதன்பின் அவர்களை மீண்டும் நியமிக்கலாம் என்ற ஏற்பாடு அந்த வாரியத்தின் சுதந்திரத்தைப் பாதிக்கக்கூடும் என்பதை இந்தக் குறிப்பு எடுத்துக்காட்டியது. மறுநியமனத்துக்கு அரசையே எதிர்பார்த்திருக்கும் ஒருவர் அதே அரசுக்கு எதிரான புகாரை எப்படி விசாரிப்பார்? அவசரமாகப் படிப்பவர் இந்த ஒரு வரியைத் தாண்டிப் போய்விடுவார்; விவாதத்தில் எழுந்து கேட்க வேண்டிய கேள்வியோ அதற்குள்தான் இருக்கிறது.

இந்தக் குறிப்புகள் எந்த மசோதாவையும் ஆதரிக்கும்படியோ எதிர்க்கும்படியோ சொல்வதில்லை. இது கோழைத்தனம் என்று சில நண்பர்கள் என்னிடம் வாதிட்டதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஆளும் கட்சி உறுப்பினரும் எதிர்க்கட்சி உறுப்பினரும் ஒரே தாளை நம்பி எடுத்துப் படிக்க வேண்டுமானால், அதில் முடிவு எழுதப்பட்டிருக்கக் கூடாது.

பொதுச் செலவு பற்றிய பகுதிக்கு வருவோம். அரசியலமைப்பின் 113-ஆவது பிரிவின்படி ஒவ்வொரு அமைச்சகத்தின் செலவும் மானியக் கோரிக்கையாக மக்களவையின் முன் வைக்கப்பட்டு ஒப்புதல் பெற வேண்டும். நடைமுறையில் சில அமைச்சகங்களின் கோரிக்கைகள் மட்டுமே விவாதிக்கப்படுகின்றன. மீதி அனைத்தும் கடைசி நாளில் ‘கில்லட்டின்’ முறையில் ஒன்றாகச் சேர்த்து நிறைவேற்றப்படுகின்றன. 2023 மார்ச் 23 அன்று சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்க்கான பட்ஜெட், ஓர் அமைச்சகத்தின் கோரிக்கைகூட விவாதிக்கப்படாமல் மக்களவையில் நிறைவேறியது. 2018-இலும் இதேதான் நடந்தது. மக்களின் வரிப்பணத்துக்குக் காவலிருக்க அனுப்பப்பட்டவர்கள் ஒரு கேள்விகூடக் கேட்காமல் அந்தப் பணத்தை எடுத்துச் செலவிட அனுமதித்துவிட்டார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

அப்படிப்பட்ட ஆண்டுகளிலும், முக்கிய அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளைப் பற்றிய பி.ஆர்.எஸ். ஆய்வுகள் வெளியாகிவிடுகின்றன. ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் ஆய்வைத் திறந்து நூறு நாள் வேலைத் திட்டத்துக்கான ஒதுக்கீட்டைப் பாருங்கள். 2022-23 பட்ஜெட்டில் ஒதுக்கியது 73,000 கோடி ரூபாய். ஆண்டின் நடுவே மறுபடி கணக்கிட்ட திருத்திய மதிப்பீட்டில் அது 89,400 கோடி. அடுத்த ஆண்டு, அதாவது 2023-24-இல், ஒதுக்கீடு 60,000 கோடியாகக் குறைக்கப்பட்டது. முந்தைய ஆண்டின் திருத்திய மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் இது 33 சதவீத வெட்டு. கடைசியில் அந்த ஆண்டின் திருத்திய மதிப்பீடும் 86,000 கோடிக்கு ஏறியது. பட்ஜெட் நாளன்று தொலைக்காட்சியில் ஓடும் ஒற்றை எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இந்த ஏற்ற இறக்கம் தெரியாது. வேலைக்கான தேவை குறையாதபோது ஒதுக்கீட்டை மட்டும் குறைத்து வைத்தால், நடுவே பணம் வந்து சேரும்வரை கூலி நிலுவையில் நிற்கும். அந்தச் சுமை மண்வெட்டி பிடித்த கைகளின் மேல்தான் விழும். உண்மைச் செலவு, திருத்திய மதிப்பீடு, பட்ஜெட் மதிப்பீடு என்ற மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் பழக்கத்தை எனக்குத் தந்தது இந்த ஆய்வுகள்தான்.

செலவு முடிந்த பிறகு நடக்கும் சோதனையை இந்தத் தளம் சுருக்கமாகவே தொடுகிறது. அரசின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜி-யின் அறிக்கைகளையும் நிலைக்குழு அறிக்கைகளையும் பற்றிய சுருக்கங்கள் கிடைக்கின்றன. எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர் தலைமை ஏற்கும் மரபை 1967 முதல் காத்துவரும் பொதுக் கணக்குக் குழுவைப் பற்றி இன்னும் விரிவாக எழுதலாம்.

எம்.பி.க்களின் செயல்பாட்டைக் காட்டும் பக்கம்தான் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுகிறது; மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுதான். வருகைப்பதிவு, கேள்விகள், பங்கேற்ற விவாதங்கள், தனிநபர் மசோதாக்கள் (அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவருபவை) என நான்கு எண்கள் அதில் இருக்கும். அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதில்லை என்பதால் அவர்களுக்கு இந்தக் கணக்கு இல்லை. இதைத் தளமே தெளிவாகச் சொல்கிறது. மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழிப் பதிலுக்கு 20 கேள்விகளும் எழுத்துப் பதிலுக்கு 230 கேள்விகளும்தான் பட்டியலில் இடம்பெறும். அவை குலுக்கல் முறையில் தேர்வாவதால், கேள்விகளின் எண்ணிக்கையில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு. நிலைக்குழுவில் உட்கார்ந்து உழைத்த மணிநேரங்களுக்கு இந்த நான்கு எண்களில் இடமில்லை. தி.மு.க. மாநிலங்களவை உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைகள் மசோதா 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறியது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ஓர் அவையில் நிறைவேறிய தனிநபர் மசோதா அது. எண்ணிக்கைக் கணக்கில் அதுவும் ஒன்றுதான், யாரும் விவாதிக்காமல் காலாவதியாகும் மசோதாவும் ஒன்றுதான். தேர்தல் காலத்தில் இந்த எண்களை மட்டும் வெட்டி எடுத்து ‘சிறந்த எம்.பி.’ பட்டியல் போடுகிறவர்கள், அதே பக்கத்திலிருந்து உறுப்பினர் கேட்ட கேள்விகளுக்கும் சென்று அவற்றின் தரத்தைப் பார்க்க வேண்டும்.

மாநிலங்களைப் பொறுத்தவரை, ஆண்டுதோறும் ஒவ்வொரு மாநில பட்ஜெட்டுக்கும் சில பக்க ஆய்வும், மாநிலங்களின் நிதிநிலை பற்றிய ஒட்டுமொத்த அறிக்கையும் வருகின்றன. பயனுள்ளவைதான், ஆனால் சட்டமன்றத்தில் ஒரு சட்டமுன்வடிவு வரும்போது உறுப்பினரின் கையில் இருக்க வேண்டியது அதைவிட அதிகம். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழிதிறக்கும் தொழிற்சாலைகள் திருத்தச் சட்டமுன்வடிவு குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்ததால் மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவிக்கப்பட்டது. நிறைவேறிய பின் வெளியே எழுந்த கேள்விகளை நிறைவேறும் முன் உள்ளே நிதானமாகக் கேட்பதற்கு, பிரிவுவாரியான ஒரு தமிழ்க் குறிப்பு 234 உறுப்பினர்களின் மேசையிலும் இருந்திருக்க வேண்டும்.

மொழிதான் இந்தச் சேவையின் பெரிய குறை. இந்தியில் மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன, தமிழில் இல்லை. தமிழ்நாடு அரசின் துறைகள் மானியக் கோரிக்கையோடு வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்புகள் தமிழிலேயே கிடைப்பதால், அவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பி.ஆர்.எஸ். ஆய்வைப் படிப்பதை நான் பரிந்துரைக்கிறேன்: திட்டத்தின் பெயரும் விவரமும் அதில் கிடைக்கும், ஒதுக்கீடு எப்படி மாறியது என்பது இதில் கிடைக்கும். முழு மொழிபெயர்ப்பு இப்போதைக்கு முடியாவிட்டாலும், தமிழ்நாடு பட்ஜெட் பற்றிய அந்தச் சில பக்க ஆய்வை மட்டுமாவது, சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை விவாதம் தொடங்கும் முன் அவர்கள் தமிழில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.