மார்பகத் தொய்வைச் சீரமைக்கும் அறுவை முறைகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

மார்பகத் தொய்வைச் சரிசெய்ய மருத்துவரை நாடும் பெண்கள் பலர் முதலில் கேட்பது, தழும்பு எவ்வளவு நீளமாக விழும் என்பதைத்தான். ஆனால் முறையைத் தீர்மானிக்க வேண்டியது தொய்வின் அளவும் மிகுதியாகக் கிடக்கும் தோலுமே. 1976இல் அறுவை மருத்துவர் பவுலா ரெனோ வகுத்த பிரிவுகளின்படி, காம்பு மார்பின் அடிமடிப்பு மட்டத்தில் நின்றால் முதல் நிலை. அதற்குக் கீழே இறங்கினால் இரண்டாம் நிலை. மார்பின் தாழ்ந்த விளிம்பிலேயே நின்று தரையை நோக்கினால் மூன்றாம் நிலை.

காம்பைச் சூழ்ந்த கருவட்டத்தைச் சுற்றி மட்டும் வெட்டி, சுருக்குப்பையின் வாயை இழுப்பதுபோல் தையலால் இறுக்கும் முறையில் தழும்பு மிகக் குறைவு. எனினும் முதல் நிலைத் தொய்வுக்கே அது பொருந்தும். அதற்கு மேற்பட்ட தொய்வில் கையாண்டால் மார்பு தட்டையாகி, கருவட்டம் நாளடைவில் அகன்றுவிடக்கூடும்.

கருவட்டத்திலிருந்து நேர்கீழாக ஒரு வெட்டைச் சேர்க்கும் செங்குத்து முறையையே, நடுத்தரத் தொய்வுக்கு நான் முதலில் கருதச் சொல்வேன். தோலை மட்டும் நம்பாமல், உள்ளிருக்கும் சுரப்பித் திசுவின் இரு பக்கங்களையும் ஒன்றுசேர்த்துத் தைப்பதால் வடிவம் முன்னோக்கிக் குவிந்து நிற்கிறது. தொடக்கத்தில் மேற்பகுதி புடைத்தும் அடிப்பகுதி சுருங்கியும் காணப்படும். அது படிய மாதங்கள் ஆகும் என்பதை முன்பே அறிந்திருந்தால் வீண் கலக்கம் இராது.

தோல் மிக அதிகமாகத் தொங்கும்போது, அடிமடிப்பு நெடுகவும் வெட்டும் தலைகீழ் ‘T’ எழுத்து வடிவ முறை தேவைப்படுகிறது. அறுவை மருத்துவர் ராபர்ட் வைஸ் 1956இல் மார்பைச் சிறிதாக்கும் அறுவைக்காக, உள்ளாடையின் வெட்டுவடிவத்திலிருந்து இதன் வரைவை உருவாக்கினார். தழும்பு நீளம், வெட்டுகள் கூடும் முனையில் புண் ஆறத் தாமதமாகலாம். மாநிறத் தோலில் தழும்பு தடிக்கும் வாய்ப்பும் கூடுதல் என்பதால், நம் பெண்கள் இதைத் தனியே கேட்டறிய வேண்டும்.

இம்முறைகள் எவையும் மார்பின் பருமனைக் கூட்டுவதில்லை. அதற்காக சிலிக்கோன் பதியம் (மார்பினுள் வைக்கும் செயற்கை நிரப்பி) வைத்தால், தோலை இறுக்கும் வேலையும் உள்ளே நிரப்பும் வேலையும் ஒன்றையொன்று எதிர்க்கும்; ஆகவே சிலருக்கு இரண்டையும் வெவ்வேறு நாட்களில் செய்வதே பாதுகாப்பு.

புகைப்பழக்கம் காம்புக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும் என்பதால், அறுவைக்குச் சில வாரங்கள் முன்பே அதை நிறுத்தியாக வேண்டும். மீண்டும் கருவுற்றால் தொய்வு திரும்பக்கூடும். குழந்தை பெறும் எண்ணமுள்ளவர்கள் அதன் பிறகு செய்துகொள்வது நல்லது.